தேசிய வங்கி நோட்டு என்று விற்றீர்கள், வந்தது வேறு நோட்டு

வணக்கம்.

போன மாதம் உங்களிடம் 1929 வரிசை அமெரிக்க 20 டாலர் நோட்டு ஒன்றை 450 டாலர் கொடுத்து வாங்கினேன். "தேசிய வங்கி நோட்டு, இல்லினாய்ஸ், மிக அரிது" என்று போட்டிருந்தீர்கள், அதாவது ஓர் ஊர் வங்கி தன் பெயரில் வெளியிட்ட நோட்டு. ஆனால் படம் பின்பக்கம் மட்டும்தான். எந்த ஊர் வங்கி என்று சாட்டில் கேட்டதற்கு, சின்ன ஊர் வங்கிதான், நம்பி வாங்குங்கள் என்று உங்கள் ஊழியர் சொன்னார்.

கவரைப் பிரித்தால், ஊர் வங்கியே இல்லை, அமெரிக்க மத்திய வங்கி அமைப்பைச் சேர்ந்த சிகாகோ ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் நோட்டு!

புகார் சொன்னால், "மேலே நேஷனல் கரன்சி என்று இருக்கிறதே, பழுப்பு முத்திரையும் இருக்கிறதே" என்கிறீர்கள். இரண்டும் இருக்கும்தான். 1933 மார்ச்சில் வங்கி நெருக்கடி வந்தபோது அவசரத்துக்கு, தேசிய வங்கிகளுக்காக வைத்திருந்த தாளிலேயே ஃபெடரல் ரிசர்வ் வங்கிகளின் பெயரைப் போட்டு அச்சடித்தார்கள். கையெழுத்துக்குக் கீழே பாருங்கள், பிரெசிடென்ட் என்பதைக் கோடு போட்டு மறைத்து கவர்னர் என்று அடித்திருக்கும். உண்மையான தேசிய வங்கி நோட்டில் அந்த வங்கியின் சார்ட்டர் எண், அதாவது அரசு அதற்குக் கொடுத்த உரிம எண், கறுப்பில் இருக்கும். எனக்கு வந்ததில் அந்த எண்ணே இல்லை, அந்த இடத்தில் சிகாகோவுக்கான ஜி எழுத்துதான் இருக்கிறது. பழைய நோட்டு வியாபாரம் செய்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியதே இதைத்தானே?

தேசிய வங்கி நோட்டுகளுக்கு விலை வருவது வயதால் இல்லை, எந்த வங்கி, எந்த ஊர், இன்று எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்பதால். 1863 முதல் 1935 வரை பல்லாயிரம் வங்கிகள் தங்கள் பெயரில் வெளியிட்டவை இவை. ஒரு சிறிய ஊர் வங்கியின் தலைவரும் கேஷியரும் போட்ட கையெழுத்தோடு நாலைந்து நோட்டுதான் மிஞ்சியிருக்கிறது என்றால் ஆயிரக்கணக்கில் போகும், நிறைய மிஞ்சியிருக்கிற பெரிய நகரத்து வங்கி நோட்டு என்றால் அதே 20 டாலர் நோட்டுக்கு அதைவிட மிகக் குறைவாகத்தான் கிடைக்கும். நான் குடியிருக்கும் ஊரின் வங்கி நோட்டுக்காக மூன்று வருடமாகத் தேடுகிறேன், அதனால்தான் இல்லினாய்ஸ் என்றதும் இவ்வளவு பணம் போட்டேன். நீங்கள் அனுப்பியது நாலாக மடித்து நைந்த, எங்கும் சுலபமாகக் கிடைக்கிற நோட்டு.

கவரைப் பிரித்துவிட்டேன், அதனால் திரும்ப எடுக்க முடியாது என்பதை நான் ஏற்கவில்லை. பிரிக்காமல் முன்பக்கத்தை எப்படிப் பார்ப்பது?

450 டாலரும் தபால் செலவும் முழுதாகத் திரும்ப வேண்டும். அப்புறம், இதே வார்த்தைகளோடு இன்னும் இரண்டு நோட்டுகள் உங்கள் பட்டியலில் இருக்கின்றன, இன்னொருவர் வாங்குவதற்குள் அவற்றின் முன்பக்கப் படத்தைப் போடுங்கள். என் நோட்டின் இருபக்கப் படங்களையும் சாட் பதிவையும் இணைத்திருக்கிறேன்.