இடது கையைக் கொஞ்சம் தூக்கு

கண்ணா,

நீ கம்ப்யூட்டரில் செய்து அனுப்பிய மூன்று டான்ஸ் மியூசிக் ட்ராக்கையும் கேட்டேன். மூன்றாவதை, அந்த டீப் ஹவுஸைத்தான், திரும்பத் திரும்பக் கேட்டேன். இருபது தடவைக்குக் குறையாது. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

"பேஸ் சேறு மாதிரி இருக்கும்மா, எத்தனை ப்ரீசெட் மாத்தினாலும் தெளிவா வரமாட்டேங்குது" என்று புலம்பினாயே, அதற்காக ப்ரொஜெக்ட் ஃபைலைத் திறந்து பார்த்தேன். ஒரு பேஸ் லைனுக்கு அலையைப் பிறப்பிக்கும் ஆஸிலேட்டர் மூன்று, அதன் மேல் சத்தத்தை இரட்டித்து அலையவிடும் கோரஸ், அதன் மேல் ஏற்ற இறக்கத்தை அமுக்கும் கம்ப்ரெஸர் இரண்டு, சுரங்களை ஏற்றி இறக்கும் ஈக்யூ நான்கு. அப்புறம் நோட்டுகளைப் பார்த்தேன். ஒவ்வொரு நோட்டும் அடுத்த நோட்டின் வாசல்வரை காலை நீட்டிப் படுத்திருக்கிறது. நோவு அங்கே இருக்க, நீ தைலத்தை வேறெங்கோ தேய்த்துக்கொண்டிருக்கிறாய்.

இதே தப்பை நானும் செய்திருக்கிறேன். நான் கீபோர்டு வாசித்த குழுவில் பேஸ் கிட்டார் ஆள் கிடையாது என்பது உனக்குத் தெரியும். வலது கையில் கார்டு, இடது கையில் பேஸ். சேர்ந்த புதிதில் டிரம்மர் என்னிடம், "அக்கா, இடது கையைக் கொஞ்சம் தூக்குங்க" என்றார். சத்தம் அதிகம் என்கிறார் போல என்று வால்யூமைக் குறைத்தேன். மறுநாளும் அதையே சொன்னார். இன்னும் குறைத்தேன். மூன்றாம் நாள் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். என்னை வாசிக்கச் சொல்லிவிட்டு, வாயால் "தும்... தும்..." என்று கிக் டிரம்மின் அடியைச் சொல்லிக்கொண்டே, ஒவ்வொரு "தும்"முக்கும் ஒரு மயிரிழை முன்னால் என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினார். அவ்வளவுதான், பாட்டு நடக்க ஆரம்பித்துவிட்டது. வால்யூமைப் பழையபடி ஏற்றி வைத்தேன், அவர் ஒன்றும் சொல்லவில்லை.

உன் ட்ராக்கில் மணிக்கட்டைப் பிடிக்க ஆளில்லை. நோட்டின் வால் முனையைப் பிடித்து நீதான் இழுக்க வேண்டும்.

கணக்காகவே சொல்கிறேன், உனக்குக் கணக்கு பிடிக்கும். உன் வேகம் நிமிஷத்துக்கு 122 அடி. ஒரு அடிக்கு 492 மில்லி செகண்ட். அதைப் பதினாறாம் பங்கு நோட்டாக, அதாவது அடிக்கு நான்காக, வெட்டினால் ஒவ்வொன்றும் 123 மில்லி செகண்ட். உன் ஆதார சுரம் கீழ் ஜி, அதாவது 49 ஹெர்ட்ஸ். ஒரு அலைக்கு 20 மில்லி செகண்டுக்குக் கொஞ்சம் மேல். ஆக, ஒரு சின்ன நோட்டுக்குள் மொத்தம் ஆறே ஆறு அலை. அந்த ஆறு அலைக்குள், மேல் அலைகளை வெட்டும் ஃபில்டர் திறந்து, மூடி, காதுக்குச் சுரம் புரிந்து, கிக்குக்கு வழியும் விட்டாக வேண்டும். கோரஸ் சுற்றி வருவதற்குள் நோட்டே முடிந்துவிடும். மூன்று ஆஸிலேட்டர் அங்கே என்ன செய்யப் போகிறது?

ஒன்றே ஒன்றை வை, ரம்பப் பல் வடிவ ஸா அலை. 24 டெசிபல் ஃபில்டர், வெட்டத் தொடங்கும் இடமான கட்ஆஃப் 200 ஹெர்ட்ஸ் பக்கம். நோட்டுக்குள் ஃபில்டர் திறந்து மூடும் போக்கைச் சொல்லும் என்வலப்பில் டிகே, அதாவது இறங்கும் நேரம், 150 முதல் 200 மில்லி செகண்ட்; சஸ்டெய்ன், அதாவது இறங்கி நிற்கும் மட்டம், சுத்தமாக பூஜ்யம். சத்தத்துக்கான என்வலப் வேறு: அட்டாக்கை (எழும்பும் நேரத்தை) பூஜ்யத்தில் வைத்தால் 'டிக்' என்று ஒரு சொடுக்கு கேட்கும், 2 மில்லி செகண்ட் கொடு, ரிலீஸும் (அடங்கும் நேரமும்) பூஜ்யமானால் முடிவில் அதே சொடுக்கு, அங்கே ஒரு 15. அழுத்தி அடித்த நோட்டுக்கு ஃபில்டர் இன்னும் கொஞ்சம் திறக்கும்படி வெலாசிட்டியைக் கட்ஆஃபோடு இணை. இது ஆள் வாசிப்பது போலத் தோன்றுவதில் பாதி அந்த இணைப்பில்தான் இருக்கிறது. ரெசொனன்ஸைத் தொடாதே, டீப் ஹவுஸுக்கு உருண்டையான சத்தம் போதும்.

அடுத்தது இடம். ஒரு பாரை, அதாவது நான்கு அடியை, பதினாறு கட்டம் என்று வைத்துக்கொள். கிக் 1, 5, 9, 13-ல் உட்கார்ந்திருக்கிறது. நீயும் அந்த நான்கிலும் பேஸை வைத்திருக்கிறாய். ஒரே நாற்காலியில் இரண்டு பேர். கிக்கின் வாலும் ஏறக்குறைய 50 ஹெர்ட்ஸில் வந்துதான் அடங்குகிறது, உன் ஜி-யும் அங்கேதான். ஒருசமயம் இரண்டும் கூடி வீங்கும், ஒருசமயம் ஒன்றையொன்று தின்றுவிடும். நான் இப்படிப் போட்டுப் பார்த்தேன்: 3-ல் ஜி, குட்டியாக. 4-ல் மறுபடி ஜி, கிக் வருமுன் நிறுத்தி. 7-ல் பி ஃப்ளாட். 11-ல் ஜி, கொஞ்சம் நீளமாக. 14-ல் எஃப், தொட்டுத் தொடாமல். முதல் கட்டம் காலி. அந்தக் காலி இடத்தைக் கேட்பவரே நிரப்பிக்கொள்வார். மேலே ஜி மைனர் கார்டு ஒன்று நீளமாக நிற்கிறதே, சுருதியை அது பார்த்துக்கொள்ளும். தாளத்தில் விடும் இடைவெளியைக் கார்வை என்று படித்திருக்கிறாய் இல்லையா, அது பேஸுக்கும் உண்டு.

இரட்டை எண் கட்டங்களுக்கு மட்டும் 56 சதவீதம் ஸ்விங் கொடுத்துப் பார். உன் வேகத்தில் அது சுமார் 15 மில்லி செகண்ட் தாமதம், கண்ணுக்குத் தெரியாது. இடுப்புக்குத் தெரியும்.

ஒரே ஆஸிலேட்டரா என்று முகத்தைச் சுளிப்பாய். லாரி ஹெர்ட்டை நினைத்துப் பார். 1980-களின் நடுவில் சிகாகோவில் டீப் ஹவுஸ் என்ற வகைக்கே வழி போட்டவர். அவர் கையில் இருந்தது ரோலண்ட் ஜூனோ-60 சிந்தசைசர். அதில் ஒரு குரலுக்கு ஒரு ஆஸிலேட்டர்தான், கீழே துணைக்கு ஒரு சப். ஆனால் மனிதர் சிந்த்துக்கு வருமுன் டிரம்மர். அவருடைய பேஸ் லைனைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் தோன்றும்: எங்கே விரலை எடுக்க வேண்டும் என்று தெரிந்த ஆள். (உன் அப்பா இதை ஒப்புக்கொள்ள மாட்டார். மெலடிதான் காரணம் என்பார். இந்தச் சண்டை எங்களுக்குள் ரொம்ப வருஷமாக ஓடுகிறது.)

சரி, இப்போது அந்த மர்மத்துக்கு வருகிறேன். "சில பார்ல இடிக்குது, சில பார்ல ஆளையே காணோம்" என்றாயே. இதில் திருடர்கள் இரண்டு பேர்.

முதல் திருடன் டிட்யூன். இரண்டு ஸா அலைகளை 7 சென்ட், அதாவது அரைச்சுரத்தில் நூற்றுக்கு ஏழு பங்கு, விலக்கி வைத்திருக்கிறாய். மேல் ஸ்தாயியில் அது அழகாக மினுங்கும். 49 ஹெர்ட்ஸில் 7 சென்ட் என்பது 0.2 ஹெர்ட்ஸ் வித்தியாசம். அதாவது ஐந்து செகண்டுக்கு ஒருமுறை இரண்டும் நேரெதிராக நின்று அடிச்சுரத்தை அழித்துவிடும். உன் வேகத்தில் ஒரு பார் இரண்டு செகண்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஆக இரண்டரை பாருக்கு ஒருமுறை பேஸ் காணாமல் போகும். மேலே இருக்கும் அலைகளில் பாதி போகாது, அதனால் சிந்த் வாசிப்பது போலவே இருக்கும், அடிவயிற்றில் மட்டும் ஒன்றும் இருக்காது. நோட்டுக்கு நோட்டு அலையை ஆரம்பத்திலிருந்து தொடங்கும் வசதி உன் சிந்த்தில் இருக்கிறது, நீ அணைத்து வைத்திருக்கிறாய். அதைப் போடு. இல்லையென்றால் ஜோடியை 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, அடியில் தனியாக ஒரு சைன் அலையை வை, மோனோவில்.

டெட்ராய்ட்டின் கெவின் சாண்டர்சன் 1988-ல் ரீஸ் என்ற பெயரில் கொண்டுவந்த பேஸ் முழுக்க இந்த விலகலில்தான் வாழ்கிறது. அங்கே நோட்டு நீளம், அலைவதே அதன் வேலை. அதைக் கேட்டு மயங்கித்தான் நீயும் விலக்கியிருப்பாய், எனக்குத் தெரியும். ஆனால் உன்னுடையது குட்டிக் குட்டி நோட்டு.

இரண்டாவது திருடன் உன் அறை. நான்கு ஈக்யூவில் ஒன்றில் 49 ஹெர்ட்ஸை 6 டெசிபல் ஏற்றி வைத்திருந்தாய். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. இங்கே அந்த ஜி வரும்போதெல்லாம் அலமாரிக் கண்ணாடி கிடுகிடுவென்று ஆடியது. அப்பா எழுந்து போய் ஒரு காகிதத்தை மடித்துச் செருகிவிட்டு வந்தார். அதனால்தான் போன வாரம் திடீரென்று உன் அறை எவ்வளவு நீளம் என்று கேட்டேன். மூன்றரை மீட்டர் என்றாய். அப்போதே சிரித்துவிட்டேன். மூன்றரை மீட்டர் இடைவெளியில் நேருக்கு நேர் நிற்கும் இரண்டு சுவருக்கு நடுவே சரியாக 49 ஹெர்ட்ஸ் அலை நின்றுவிடும். சுவரோரம் முழங்கும், நட்ட நடுவில் செத்துக் கிடக்கும். நீ மேசையை எங்கே போட்டிருக்கிறாய்? நட்ட நடுவில். இல்லாத குறைக்கு 6 டெசிபல் ஊற்றியிருக்கிறாய். மேசையை ஒரு முழம் நகர்த்து, இல்லை ஹெட்ஃபோனில் ஒருமுறை சரிபார்.

ஹெட்ஃபோன் என்றதும் இன்னொன்று. ராத்திரியில் பக்கத்து வீட்டுக்குப் பயந்து சத்தத்தைக் குறைத்து வைத்து மிக்ஸ் செய்யாதே. சத்தம் குறையக் குறைய, காது மற்றதைவிடத் தாழ்ந்த சுரங்களைத்தான் முதலில் கைவிடும். 1933-லேயே ஃப்ளெட்சரும் மன்சனும் இதை அளந்து காட்டிவிட்டார்கள். மெதுவாக வைத்தால் பேஸ் போதவில்லை என்றே தோன்றும், ஏற்றுவாய், காலையில் இடிக்கும்.

போனில் பேஸே கேட்கவில்லை என்று கவலைப்பட்டாய். அந்தக் குட்டி ஸ்பீக்கரில் 49 வராது, வரவும் வேண்டாம். லேசாக சாச்சுரேஷன், அதாவது மேல் அலைகளைக் கூட்டும் கரகரப்பு, சேர். 147, 196, 245 என்று மேல் அலைகள் தெளிவாக வந்தாலே போதும், இல்லாத 49-ஐ மூளை தானே போட்டுக்கொள்ளும். நான் சொன்னால் நம்ப மாட்டாய், போட்டுப் பார்.

உன் இரண்டாவது ட்ராக், அந்த ஆசிட் முயற்சி, பரவாயில்லை. ஆசிட் சத்தத்தைத் தரும் 303 பேஸ் சிந்த் பெட்டியின் கதை உனக்குத் தெரிந்ததுதான்: 1981-ல் ரோலண்டில் கிகுமோட்டோ வடிவமைத்தது, தனியாகப் பயிற்சி செய்யும் கிட்டார்க்காரருக்குத் துணைக்கு பேஸ் வாசிக்க. பேஸ் கிட்டார் சத்தத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை, 1984-ல் நிறுத்திவிட்டார்கள். சிகாகோவில் டிஜே பியரும் நண்பர்களும் அதன் திருகுகளைப் பிடித்துத் திருகி 1987-ல் ஆசிட் ஹவுஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நீ கேட்டிருக்காதது: 1982-லேயே, இந்தி சினிமாவுக்கு வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங் அதே பெட்டியில் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்திருக்கிறார். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும் அந்த ஸ்லைடு ராகத்துக்கு என்னமாய்ப் பொருந்துகிறது, தேடிக் கேள். உன் ட்ராக்கில் ஸ்லைடு எல்லா நோட்டிலும் இருக்கிறது. எல்லாமே வழுக்கினால் எதுவும் வழுக்கவில்லை. பதினாறில் இரண்டுக்கு மட்டும் போடு. கட்ஆஃப் மாற்றத்தை மவுஸில் கோடு கிழித்து வைத்திருக்கிறாய். கோட்டை அழி, கையால் திருகிக்கொண்டே ஆறு நிமிஷத்தையும் ஒரே மூச்சில் பதிவு செய். தடுமாறினாலும் விட்டுவிடு.

முதல் ட்ராக் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அந்த மாதிரி டெக்னோவில் பேஸ் லைன் என்று தனியாக வேண்டியதே இல்லை. கிக்கை ஒரு ரிவெர்புக்கு அனுப்பி, 120 ஹெர்ட்ஸுக்கு மேல் எல்லாவற்றையும் வெட்டி, கொஞ்சம் டிஸ்டார்ஷன் கொடுத்து, கிக் விழும்போதெல்லாம் சைட்செயினில் அதை அமுக்கினால் கீழே ஒரு உறுமல் ஓடும். அதைச் சரியாகவே செய்திருக்கிறாய். எனக்கு அந்த உறுமலில் அவ்வளவு ஆசை இல்லை, என் காது பழைய காது. ஒன்று மட்டும்: சைட்செயின் ரிலீஸ் நீளம், அடுத்த கிக் வரும்வரை உறுமல் எழும்பவே இல்லை. அதையும் காதால் திருகு, எண்ணைப் பார்க்காதே.

மூன்றாவது ட்ராக்கைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மேலே சொன்ன எதையும் அதில் செய்யவில்லை, அது உன் வேலை. ஆனால் எட்டாவது பாரில் ஒரே ஒரு நோட்டின் வாலை மட்டும் வெட்டிவிட்டேன். திரையைப் பார்க்காமல் எது என்று கண்டுபிடித்துச் சொல். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, அப்பாவும் இருப்பார்.

அம்மா