கைகலப்பு இல்லைங்க, கை உடைப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கமுங்க. போன இதழில் சட்டக் கேள்வி பதில் பக்கத்தில், வாய்க்கால் தகராறில் பங்காளியிடம் அடி வாங்கிய ஒரு வாசகிக்கு உங்கள் பதிலாளர் எழுதியிருக்கிறார்: "இதுபோன்ற சிறு கைகலப்புக்கெல்லாம் நஷ்டஈடு கேட்டு சிவில் கோர்ட்டுக்குப் போவது நேர விரயம். உறவுக்குள் பேசித் தீர்த்துக்கொள்வதே நல்லது." அவ்வளவுதான் பதில். பக்கத்திலேயே ஒரு நடிகையின் கல்யாணப் புடவைக்கு முக்கால் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள், அதனால் இடம் பத்தவில்லை போலிருக்கிறது.

கைகலப்பு என்றால் இரண்டு பேர் கையும் கலக்க வேண்டுமுங்களே. எனக்கும் அந்த வாசகி மாதிரியே ஒரு வாய்க்கால் தகராறு நடந்தது, என் கை எங்கேயும் கலக்கவில்லை, உடைந்தது. 2019 ஐப்பசி. கீழ்பவானி வாய்க்காலில் எங்கள் முறைத் தண்ணீர். விடியற்காலம் மடையைத் திறந்துவிட்டு நின்றேன். என் வீட்டுக்காரர் இருந்தவரை "நங்கையா, நங்கையா" என்று எங்கள் திண்ணையில் காபி குடித்த கொழுந்தனார்தான் வந்து மடையை அடைத்தார். ஏன் என்று கேட்டதற்கு வலது கையை முறுக்கி மதகுக் கல் மேல் தள்ளிவிட்டார். மணிக்கட்டு இரண்டு இடத்தில் போய்விட்டது. மாடு கறக்கிறவளுக்கு மணிக்கட்டு என்ன என்று பட்டணத்தில் உட்கார்ந்து பதில் எழுதுகிறவருக்குத் தெரியாமல் இருக்கலாம். உங்களுக்குத் தெரியாமல் இருக்காது, நீங்களும் இந்தப் பக்கத்துக்காரர்தானே.

பேசித் தீர்ப்பது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் காருக்குள்ளேயே என் சொந்தச் சித்தப்பா, "கண்ணு, வாய்க்கால் மேட்டுல வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிப்போடு, குடும்ப மானம்" என்றார். வலியில் எனக்கு மானமெல்லாம் ஞாபகம் வரவில்லை. கேட்ட டாக்டரிடம் உள்ளதைச் சொன்னேன், அவரும் ஏ.ஆர். என்கிற ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டில், தெரிந்த நபர் ஒருவர் கையை முறுக்கித் தள்ளியதாகச் சொல்கிறார் என்று நேரம், இடத்தோடு எழுதினார். ஐந்து வருடம் கழித்து கோர்ட்டில் என்னைக் காப்பாற்றியது அந்த ஒரு வரி. எதிர்த்தரப்பு வக்கீல் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே, "நீங்கள் வழுக்கித்தானே விழுந்தீர்கள்?" என்பது. சித்தப்பா சொன்னபடி சொல்லியிருந்தால் என் கதை அங்கேயே முடிந்திருக்கும். உங்கள் பதிலில் ஏ.ஆர். காப்பி என்ற வார்த்தையே இல்லை.

ஸ்டேஷனில் காலையில் உட்கார்ந்தோம், புகாரை வாங்கிக்கொண்டதற்குக் கொடுக்கிற சி.எஸ்.ஆர். ரசீது கைக்கு வரும்போது விளக்கு வைத்தாயிற்று. "ஏம்மா, பங்காளிக்குள்ள இதெல்லாம் சகஜம்" என்று அங்கேயும் அதே பாட்டு. முதலில் சாதாரணக் காயம், 323ஆம் பிரிவு என்று எழுதினார்கள். எக்ஸ்ரேயைக் காட்டி எலும்பு முறிந்தால் கொடுங்காயமுங்க என்று வக்கீல் குமாஸ்தா ஒருவர் போய்ச் சொன்ன பிறகுதான் 325 ஆனது. (2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்திலும் எலும்பு முறிவு கொடுங்காயம்தான். இருபது நாள் கடும் வலி இருந்தாலும் கொடுங்காயம் என்று இருந்ததைத்தான் பதினைந்து நாள் ஆக்கியிருக்கிறார்கள். இதையும் அந்தக் குமாஸ்தாதான் சொன்னார், உங்கள் பக்கத்தில் படித்ததல்ல.) அப்புறம் அந்த கிரிமினல் கேஸ் என்ன ஆனது? பார்த்த இரண்டு பேரும் கூண்டில் ஏறி, நாங்கள் பார்க்கவில்லை என்றார்கள். விடுதலை. ஊரில் பட்டாசு வெடிக்காததுதான் குறை.

அங்கேதான் எல்லோரும் கையைக் கழுவிவிடுகிறார்கள். கிரிமினலில் விடுதலை ஆனால் சிவில் வழக்கும் போச்சு என்று நானும் நினைத்தேன். அப்படி இல்லையாம். அங்கே சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும், இங்கே யார் சொல்வது நம்பும்படி இருக்கிறது என்று எடை போட்டுப் பார்த்தால் போதும். அந்த விடுதலை சிவில் கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது. இன்னொன்று, அடிக்கிற மாதிரிக் கை ஓங்கிப் பயமுறுத்தினாலே அது ஒரு தவறு, விருப்பமில்லாமல் மேலே கை வைத்தால் அது தனித் தவறு, எலும்பு உடைந்தால்தான் நஷ்டஈடு என்று கிடையாது. "சிறு கைகலப்பு" எழுதியவர் வக்கீல் என்று போட்டிருந்தீர்கள், அதனால் இதை விளக்குவது மரியாதையாக இருக்காது.

மூன்று லட்சம் கேட்டு 2021இல் வழக்குப் போட்டேன். நூற்றுக்கு மூன்று வீதம் ஒன்பதாயிரம் கோர்ட் ஃபீஸ். 2017க்கு முன்னால் ஏழரை ரூபாய் வீதமாம், அப்படியென்றால் இருபத்து இரண்டாயிரத்து ஐந்நூறு கட்டியிருப்பேன். அதற்காகச் சந்தோஷப்படச் சொன்னார்கள், பட்டேன். ஆனால் பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் சட்டப் பணிகள் குழுவில் இலவச வக்கீல் உண்டு, கோர்ட் ஃபீஸும் அதில் சேரும் என்று எனக்குத் தெரிந்தது பணமெல்லாம் கட்டிய பிறகு. அந்தக் குழுவின் அறை அதே கோர்ட் வளாகத்தில்தான் இருந்தது, அதைத் தாண்டித்தான் ஒவ்வொரு வாய்தாவுக்கும் நடந்தேன். இந்த வயிற்றெரிச்சலுக்கு யாரைச் சொல்வது?

வருமானம் போனதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். சம்பளச் சீட்டு கொடு என்றால் மாடு கறக்கிறவள் எங்கே போவது? சொசைட்டிப் பால் அட்டையை எடுத்துக்கொண்டு போனேன். காலை, மாலை, எத்தனை லிட்டர் என்று எல்லாம் அதில் இருக்கிறது. நாளுக்கு இருபத்து இரண்டு லிட்டர் ஊற்றிக்கொண்டிருந்த அட்டையில் அந்தத் தேதியிலிருந்து வெறும் கட்டம். கறக்க ஆள் வைத்துப் பார்த்தேன், மாடு கால் தூக்கியது. மூன்றில் இரண்டு மாட்டை விற்றேன். நீதிபதி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அந்த ஒரு நாள்தான் கோர்ட்டில் எனக்கு மரியாதை கிடைத்த நாள். பிளேட் வைத்த ஆஸ்பத்திரி பில் அறுபத்து இரண்டாயிரத்துக்கு இருந்தது. முதல் வாரம் நாட்டு வைத்தியரிடம் கட்டுப் போட்ட செலவுக்கு ரசீது இல்லை, அது போனது போனதுதான்.

இதே கையை ஒரு மொபெட் வந்து இடித்து உடைத்திருந்தால் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே ஆள் வந்து வக்காலத்துக் கையெழுத்து கேட்டிருப்பார்கள், ஏனென்றால் அங்கே பணம் கொடுக்க இன்சூரன்ஸ் கம்பெனி இருக்கிறது. மனுஷன் மனுஷனை அடித்தால் அவன் சொத்தைத் தேடிப் பிடித்துத்தான் வாங்க வேண்டும். 2024இல் ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரமும் வட்டியும் என்று தீர்ப்பு. நாற்பதாயிரம் வந்திருக்கிறது. மீதியை வசூலிக்க நிறைவேற்று மனு போட்டு இப்போதும் நடந்துகொண்டிருக்கிறேன். ஆகவே நேர விரயம் என்பதை நான் மறுக்கவில்லைங்க. யாருடைய நேரம், யாரால் விரயம் என்றுதான் கேட்கிறேன். நாங்கள் பேசித் தீர்த்திருந்தால், பெரிய மனிதர்கள் கோயில் திட்டில் உட்கார்ந்து முடிவு செய்த தொகை பதினைந்தாயிரம், கூடவே நானும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நிபந்தனை. எதற்கு என்று இன்று வரை எனக்குப் புரியவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் வாய்க்கால் முறைத் தகராறு பற்றி எழுதிய கடிதத்தை நீங்கள் போடவே இல்லை. அதற்கு முன்னால் மாட்டுத் தீவன விலை பற்றி எழுதியதைப் பாதியாக வெட்டி, ஊர்ப் பெயரையும் தப்பாகப் போட்டீர்கள். அதெல்லாம் இருக்கட்டும்.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. அடுத்த இதழில் அந்தப் பதிலுக்கு ஒரு திருத்தம் போடுங்கள், நான்கு வரி போதும்: அடிபட்டால் டாக்டரிடம் உண்மையைச் சொல்லி ஏ.ஆர். காப்பி வாங்க வேண்டும், சி.எஸ்.ஆர். வாங்க வேண்டும், பில்லையெல்லாம் பத்திரப்படுத்த வேண்டும், சிவில் வழக்குக்கு மூன்று வருடம் கெடு. அந்த வாசகி எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. அவருக்கு இன்னும் கெடு மிச்சம் இருக்கிறதா என்றாவது பதிலாளர் ஒரு போன் போட்டுக் கேட்கட்டும்.

என் பெயர் போட வேண்டாம், கொழுந்தனாரும் உங்கள் பத்திரிகையைத்தான் வாங்குகிறார். அதற்காகப் போன தடவை மாதிரி 'ஒரு இல்லத்தரசி' என்றும் போட்டுவிடாதீர்கள். எனக்குச் சொசைட்டியில் உறுப்பினர் எண் இருக்கிறது.

இப்படிக்கு,
பால் ஊற்றுகிறவர்,
கோபிசெட்டிபாளையம் வட்டம்