பந்து ஒன்றைத் துள்ள வைக்க மூன்று வாரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நான் அனிமேஷன் பட்டப்படிப்பில் கடைசி ஆண்டு படிக்கிறேன். இந்தப் படிப்பில் சேர நினைக்கிற தம்பி தங்கைகளும் அவர்களைப் பெற்றவர்களும் என்னிடம் முதலில் கேட்பது "அங்கே என்னென்ன சாஃப்ட்வேர் சொல்லித் தருவாங்க?" என்றுதான். அடுத்த கேள்வி, லேப்டாப் எவ்வளவு பெரியதாக வாங்க வேண்டும். இரண்டுமே தப்பான கேள்வி கிடையாது. ஆனால் மூன்று வருடம் படித்த பிறகு எனக்குத் தெரிகிறது, அவர்கள் கேட்க வேண்டியது வேறு: "ஒரு புராஜெக்டைச் செய்து கொடுத்த பிறகு, குறைகளைச் சொல்லி, அதையே திருத்தி மறுபடி கொடுக்க விடுவாங்களா?" விடுவார்கள் என்றால் தயங்காமல் சேரலாம். நான் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் உங்களுக்கு எழுதுகிறேன்.

முதல் செமஸ்டர் முழுக்க மெனுதான். இந்த பட்டன் இதைச் செய்யும், அந்த பட்டன் அதைச் செய்யும். கூடவே தியரித் தாள். டிஸ்னி ஸ்டுடியோவின் மூத்த அனிமேட்டர்கள் ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981இல் வெளியிட்ட நூலில் தொகுத்துச் சொன்ன அனிமேஷனின் 12 அடிப்படைகளை வரிசை மாறாமல் மனப்பாடம் செய்து எழுதினேன், நல்ல மார்க்கும் வந்தது. ஸ்குவாஷ் அண்ட் ஸ்ட்ரெட்ச் (மோதும்போது பொருள் நசுங்குவது, வேகத்தில் நீளுவது) என்றால் என்ன என்று எழுபது சொல்லில் விளக்கத் தெரிந்த எனக்கு, இரண்டாவது செமஸ்டரில் "ஒரு பந்தைக் கீழே போடு, துள்ளட்டும், நிற்கட்டும்" என்று முதல் புராஜெக்ட் கொடுத்தபோது ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்றுதான் தோன்றியது.

மூன்று வாரம் ஆனது.

பொருள் எந்த நேரத்தில் எங்கே இருக்க வேண்டும் என்று நாமே குறித்துக் கொடுப்பதுதான் கீஃப்ரேம். மேலே ஒரு கீஃப்ரேம், தரையில் ஒரு கீஃப்ரேம், மறுபடி மேலே ஒன்று. நடுவில் இருப்பதைக் கணினியே போட்டுக்கொடுத்துவிடும். பிளே பண்ணினால் பந்து தண்ணீருக்குள் இருக்கிற பலூன் மாதிரி மெதுவாகத் தரைக்கு வந்து, மெதுவாக மேலே போனது. கணினி, சொல்லாவிட்டால், ஒவ்வொரு கீஃப்ரேமுக்கும் மெல்ல வந்து மெல்லக் கிளம்புகிற மாதிரிதான் போடும். தரையில் அப்படி நடக்காது, அங்கே பந்து முழு வேகத்தில் மோதி அதே நொடியில் திரும்ப வேண்டும். எங்கள் ஆசிரியை சாஃப்ட்வேரை மூடச் சொல்லிவிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். விழுகிற பொருள் சம இடைவெளி நேரங்களில் கடக்கும் தூரம் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் கூடிக்கொண்டே போகும், கலிலியோ கண்டுபிடித்தது, பள்ளியிலேயே இயற்பியலில் படித்திருப்போம். அதைத் தாளில் புள்ளிப் புள்ளியாக வைத்துப் பார்த்தேன். மேலே புள்ளிகள் நெருங்கி நின்றன, கீழே வரவர விலகின. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் பந்து தரையைத் தொட ஏறக்குறைய 0.45 நொடி ஆகும், அதாவது நொடிக்கு 24 ஃப்ரேம் (தனித்தனிப் படம்) என்றால் 11 ஃப்ரேம். நான் கொடுத்திருந்தது 20.

அதைத் திருத்திக் கொடுத்தேன். இப்போது முதல் துள்ளல் சரி, அடுத்தடுத்த துள்ளல்கள் சரியில்லை. உயரத்தைக் குறைத்துக்கொண்டே போயிருந்தேன், ஆனால் எல்லாத் துள்ளலுக்கும் ஒரே நேரத்தைக் கொடுத்திருந்தேன், அதனால் கடைசித் துள்ளல்களில் பந்து காற்றில் மிதந்தது. உயரம் கால்வாசி ஆனால் நேரம் பாதியாக வேண்டும் என்பது அப்புறம்தான் உறைத்தது. மூன்றாவது முறை கொடுத்தபோது ஆசிரியை கேட்டார், "இது ரப்பர் பந்தா, இரும்புக் குண்டா?" எனக்குப் பதில் தெரியவில்லை, நான் அதை யோசிக்கவே இல்லை. நான்காவது முறை இரண்டையும் தனித்தனியாகச் செய்தேன், உருவம் ஒன்றுதான், அதே சாம்பல் நிற உருண்டைதான், ஆனால் வகுப்பில் போட்டுக் காட்டியபோது எது குண்டு எது பந்து என்று எல்லாரும் சரியாகச் சொன்னார்கள். அந்த நிமிடம் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, இப்போது நினைத்தாலும் அப்படித்தான். எடை என்று ஒன்று திரையில் கிடையாது, கண்ணை நம்ப வைப்பதெல்லாம் எந்தப் புள்ளி எந்த ஃப்ரேமில் இருக்கிறது என்பதுதான்.

முதல் முறை கொடுத்ததற்கே மார்க் போட்டு அனுப்பியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அடிக்கடி யோசிப்பேன். ஏதோ 60 மார்க் வந்திருக்கும், நானும் அடுத்த பாடத்துக்குப் போயிருப்பேன். வேறு ஒரு பாடத்தில் அதுதான் நடந்தது. லைட்டிங் புராஜெக்டுக்காக இரண்டு வாரம் தூங்காமல் உழைத்துக் கொடுத்தேன், 62 என்று ஒரு எண் வந்தது, கூட ஒரு வரிகூட இல்லை. போன 38 எங்கே போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நிழலா, நிறமா, கேமரா கோணமா? அந்தப் பாடத்திலிருந்து எனக்கு நினைவில் நிற்பது அந்த எண் மட்டும்தான்.

நடை புராஜெக்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் கண்ணைத் திறந்தது அதுதான். வாக் சைக்கிள் என்பார்கள். குதிகால் தரையைத் தொடும் நிலை, உடம்பு இறங்கும் நிலை, ஒரு கால் மற்றதைக் கடக்கும் நிலை, உடம்பு எழும் நிலை என்று நான்கு போஸ்கள், இரண்டு காலுக்கும் சேர்த்தால் எட்டு. புத்தகத்தில் இருக்கிற படங்களைப் பார்த்து அப்படியே வைத்துவிட்டேன். என் பொம்மை நடந்தது, ஆனால் கயிற்றில் தொங்கவிட்ட மாதிரி நடந்தது, பாதமும் தரையில் வழுக்கியது. எங்கே தப்பு என்று கண்டுபிடிக்கவே நாலு நாள். கடைசியில் வகுப்புத் தோழியை நடக்கவிட்டு ஃபோனில் எடுத்து ஃப்ரேம் ஃப்ரேமாகப் பார்த்தேன். ஒரு காலில் நிற்கும்போது இடுப்பு அந்தக் காலின் மேல் சாய்கிறது, தூக்கிய காலின் பக்கம் இடுப்பு சற்று இறங்குகிறது. என் பொம்மையின் இடுப்பு அளவுகோல் வைத்த மாதிரி நேராக இருந்தது. பிறந்ததிலிருந்து மனிதர்கள் நடப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன், ஒருநாளும் இதைக் கவனித்ததில்லை. (இதில் எனக்கு ஒரு ஆறுதல் உண்டு. குதிரை பாய்ந்தோடும்போது கால்கள் என்ன செய்கின்றன என்று 1878இல் மைப்ரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் வரிசையாகப் புகைப்படம் எடுத்துக் காட்டும்வரை பெரிய பெரிய ஓவியர்களே முன்னும் பின்னும் கால் நீட்டிப் பறக்கிற மாதிரித்தான் வரைந்துகொண்டிருந்தார்கள். நாலு குளம்பும் தரையை விட்டு எழுவது கால்கள் வயிற்றுக்கடியில் மடங்கியிருக்கும்போதுதான்.)

அதைச் சரிசெய்த பிறகு அடுத்த கட்டம்: அதே பொம்மை, அதே ரிக் (பொம்மையை அசைக்க உள்ளே வைக்கிற எலும்புக்கூடு), உருவத்தில் எதையும் மாற்றக்கூடாது, ஆனால் நடப்பது ஒரு முதியவர் என்று பார்த்ததும் தெரிய வேண்டும். முதலில் வேகத்தைப் பாதியாகக் குறைத்துக் கொடுத்தேன். ஆசிரியை பார்த்துவிட்டு, "இது ஸ்லோ மோஷன்ல நடக்கிற இளைஞன்" என்றார். அன்று வீட்டுக்குப் போய் பாட்டியைக் கவனித்தேன். அவர் வெறுமனே மெதுவாக நடக்கவில்லை. அடி சின்னது, பாதம் தரையை விட்டு அதிகம் எழவே இல்லை, இரண்டு பாதமும் சேர்ந்தாற்போல் தரையில் இருக்கும் நேரம் அதிகம். கண் எப்போதும் இரண்டடி முன்னால் தரையில். அப்புறம் ஒன்று, திரும்ப வேண்டிய இடம் வருவதற்குக் கொஞ்சம் முன்பே வலது கை மெல்ல நீண்டு சுவரைத் தொட்டுவிடும், தொட்ட பிறகுதான் கால் திரும்பும். பதினெட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அந்தக் கையை நான் பார்த்ததில்லை. அதைப் போட்டேன். வகுப்பில் ஓடியபோது ஆசிரியை நிறுத்தி மறுபடி ஓட்டச் சொன்னார், "சுவரைத் தொடறாங்களே, அதை எங்கே பார்த்தே?" என்று கேட்டார். பாட்டி என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை, இன்னொரு முறை ஓட்டச் சொன்னார்.

உதட்டசைவுப் பயிற்சியும் இப்படித்தான். எங்களுக்குக் கிடைத்த வாய் வடிவ அட்டவணைகள் எல்லாம் ஆங்கில ஒலிகளுக்கு. நான் எடுத்துக்கொண்ட வசனம் "அம்மா, பாப்பா எழுந்துட்டா". எழுத்துக்கு ஒரு வாய் என்று போட்டேன், வாய் படபடவென்று அடித்துக்கொண்டது. ழகரத்துக்கு என்று தனியாக ஒரு வடிவம்கூட வரைந்து வைத்திருந்தேன். ழகரம் நாக்கின் வேலை, வெளியிலிருந்து பார்க்கிறவருக்குத் தெரிவது 'ழு'வில் உதடு குவிவது மட்டும்தான் என்று கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தபோது புரிந்தது. அதைவிட முக்கியம், ஒற்று இரட்டிக்கும் இடம். 'மாமா'வில் இரண்டாவது 'மா'வுக்கு உதடு 2 ஃப்ரேம் மூடினால் போதும். 'அம்மா'வில் 4 ஃப்ரேமாவது மூடியே இருக்க வேண்டியிருந்தது. அந்த 4 ஃப்ரேமைக் கொடுத்ததும் பொம்மை தமிழ் பேசத் தொடங்கிவிட்டது. தமிழுக்கென்று இப்படி ஒரு அட்டவணையை மாணவர்களே புராஜெக்டாகச் செய்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

குழுப் புராஜெக்டைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், எல்லா இடத்திலும் நடக்கிற கதைதான். நாலு பேர், 30 நொடிப் படம், 720 ஃப்ரேம். ஒரு ஃப்ரேம் ரெண்டர் ஆக, அதாவது கணினி அதை முழுப் படமாக ஆக்கித் தர, 4 நிமிடம், மொத்தம் 48 மணி நேரம். கொடுக்க வேண்டிய தேதிக்கு மூன்று நாள் முன்னால்தான் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். அதையும் ஒரே வீடியோ ஃபைலாக ரெண்டர் போட்டிருந்தோம். இரவில் கணினி நின்றுபோனது, பாதியில் நின்ற ஃபைல் திறக்கவே இல்லை, ஆனதெல்லாம் போச்சு. படங்களின் வரிசையாகப் போட்டிருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருக்கலாம். இதை எந்தத் தியரித் தாளும் எங்களுக்குச் சொல்லவில்லை, இனி வாழ்நாளில் மறக்கவும் மாட்டோம். ஆனால் இந்த அடி முதல் வருடத்திலேயே 5 நொடிப் படத்தில் பட்டிருக்க வேண்டியது, எங்களுக்குக் கடைசி நேரத்தில் பட்டது.

சாஃப்ட்வேர் பற்றிக் கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அனிமேஷன் செய்ய உதவும் பிளெண்டர் 2002இலிருந்து யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறமூல மென்பொருளாக இருக்கிறது. 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய லாட்வியப் படம் அதில் செய்ததுதான். கருவி வீட்டிலேயே இருக்கிறது, பட்டன் எங்கே என்று காட்ட இணையத்தில் ஆயிரம் வீடியோ இருக்கிறது. அப்படியானால் கல்லூரி எதற்கு? என் பந்தைப் பார்த்து "இது ரப்பரா இரும்பா?" என்று கேட்க ஒரு ஆள் வேண்டும், அதற்குத்தான். இப்போது சொல்லைக் கொடுத்தால் கணினியே வீடியோ செய்து தருகிறதே என்கிறார்கள். சரி, அதில் பாதம் வழுக்குகிறதா, இடுப்பு இறங்குகிறதா என்று பார்த்துச் சொல்லவும் பழகிய கண் தேவைப்படுகிறது.

அதனால் பாடத்திட்டம் வகுப்பவர்களிடம் உங்கள் நாளிதழ் வழியாக நான் கேட்பது இவ்வளவுதான். ஒரு செமஸ்டருக்கு ஆறு புராஜெக்ட் என்று இருப்பதை மூன்றாகக் குறையுங்கள், ஒவ்வொன்றையும் இரண்டு முறை வாங்குங்கள். முதல் முறை குறைகளைச் சொல்லித் திருப்பிக் கொடுங்கள், இரண்டாவதில் என்ன மாறியிருக்கிறது என்பதற்கு மார்க் போடுங்கள். ஸ்டுடியோக்களில் அன்றன்றைய வேலையைத் திரையில் போட்டு எல்லாருமாகப் பார்க்கும் டெய்லீஸ் பழக்கம் இருக்கிறது. வகுப்பில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் அதற்கு ஒதுக்கினால் போதும். அடுத்தவர் வேலையில் தப்பைப் பார்க்கப் பழகிய பிறகுதான் என் வேலையில் இருக்கும் தப்பே எனக்குத் தெரிய ஆரம்பித்தது. முடித்த வீடியோவை மட்டும் வாங்காமல் வேலை செய்த ஃபைலையும் வாங்கிப் பாருங்கள், குழுவில் யார் எந்த ஷாட்டைச் செய்தார் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். ஆசிரியர்களுக்கு இது கூடுதல் வேலை என்பது எனக்குத் தெரியும். ஒரு வகுப்பில் அறுபது பேரைச் சேர்த்துவிட்டு ஒரே ஆசிரியரிடம் இதையெல்லாம் எதிர்பார்ப்பது நியாயமில்லை, அதையும் நிர்வாகங்கள்தான் யோசிக்க வேண்டும்.

எங்கள் ஆசிரியை இதைப் பாடத்திட்டத்தில் இருந்ததால் செய்யவில்லை. வகுப்பு முடிந்த பிறகும் உட்கார்ந்து, நாற்பது பந்துகளை நாலு நாலு முறை பார்த்தார். அவர் வேறு இடத்துக்கு மாறிப் போய்விட்டார், எங்களுக்கு அடுத்து வந்த வகுப்புக்கு அந்தப் பந்து புராஜெக்ட் ஒரே முறைதான், கொடுத்தார்கள், மார்க் வந்தது, முடிந்தது. போன வாரம் இரண்டாம் ஆண்டுத் தங்கை ஒருத்தி தன் பந்தைக் கொண்டுவந்து காட்டி, "அக்கா, இதில் என்னமோ சரியில்லை, என்னன்னு தெரியல" என்றாள். ஒரு தாளை எடுத்துக் கொடுத்துப் புள்ளி வைக்கச் சொன்னேன்.

இப்படிக்கு,
அனிமேஷன் இறுதியாண்டு மாணவி