ஆர்ப்பாட்ட அனுமதி: முந்தின நாள் மாலையில் வரும் பதில்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாவட்டச் செய்திப் பக்கங்களில் ஒரு சிறு பெட்டிச் செய்தி அடிக்கடி வருகிறது: ‘15 நாட்களுக்குக் காவல் சட்டம் 30(2) அமல்’. பதினைந்து நாள் முடிந்ததும் தேதி மட்டும் மாறி அதே செய்தி மறுபடியும் வரும். படிப்பவர்கள் இதை ‘ஆர்ப்பாட்டத்துக்குத் தடை’ என்றே எடுத்துக்கொள்கிறார்கள். காவல் நிலையங்களிலும் பல நேரம் அப்படித்தான் சொல்லி அனுப்புகிறார்கள். அது சரியல்ல.

1861-ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தின் 30(2) பிரிவை எடுத்துப் படித்தால், அது உரிமம் கேட்கச் சொல்லும் பிரிவு என்பது விளங்கும். சாலையில் கூட்டமோ ஊர்வலமோ நடக்கப்போகிறது, கட்டுப்படுத்தாமல் விட்டால் அமைதி கெடும் என்று மாஜிஸ்திரேட் கருதினால், நடத்துகிறவர்கள் உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று காவல் அதிகாரி அறிவிக்கலாம். உரிமத்தில் நிபந்தனை போடலாம், கட்டணம் வாங்கக் கூடாது. மீறினால் 32-ஆவது பிரிவின்படி 200 ரூபாய் வரை அபராதம். யார் கூடப்போகிறார்கள் என்றே தெரியாத நிலையில், மாவட்டம் முழுமைக்கும், ஆண்டு முழுக்கத் தொடர் அறிவிப்பாக இதை நீட்டிக்கொண்டே போவதற்கு அந்தப் பிரிவில் இடமில்லை. சென்னையின் நிலை வேறு. 1888-ஆம் ஆண்டு மாநகரக் காவல் சட்டத்தின் 41-ஆவது பிரிவு தடை விதிக்கும் அதிகாரத்தையே ஆணையருக்குத் தருகிறது. அதற்கும் 15 நாள் என்ற எல்லை உண்டு. அங்கே நிகழ்ச்சிக்கு ஐந்து நாள் முன்பே மனு கொடுக்கச் சொல்கிறார்கள்.

மனுவில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இடம், நாள், தொடங்கும் நேரம், முடியும் நேரம், எதிர்பார்க்கும் ஆட்கள், ஒலிபெருக்கி உண்டா இல்லையா, பொறுப்பாளர் இரண்டு மூன்று பேரின் பெயரும் கைபேசி எண்ணும், ஊர்வலம் என்றால் எந்தெந்தத் தெரு வழியாக என்பதும் இருக்க வேண்டும். மாற்று இடம் ஒன்றையும் மாற்று நாள் ஒன்றையும் மனுவிலேயே எழுதிவிடுவது நல்லது. ‘போக்குவரத்துக்கு இடையூறு’ என்ற ஒற்றை வரியில் மறுப்பது அப்போது கடினமாகிவிடும். எல்லாவற்றையும் விட முக்கியம், நகலில் நிலைய முத்திரையும் தேதியும் வாங்குவது. முத்திரை போட மறுத்தால் அன்றே பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். ‘வைத்துவிட்டுப் போங்கள், சொல்கிறோம்’ என்ற வாய்மொழியை நம்பி வந்தவர்களிடம், நீதிமன்றத்தில் காட்ட ஒரு காகிதம்கூட இருப்பதில்லை.

உண்மையான சிக்கல் அதற்குப் பிறகுதான். பல மனுக்களுக்கு நிகழ்ச்சிக்கு முந்தின நாள் மாலை வரை பதிலே வராது. வருகிற பதிலில் ‘சட்டம் ஒழுங்கு பாதிக்கப்படும்’ என்ற ஒரே வாக்கியம். மாலை ஆறு மணிக்குக் கையில் கிடைக்கும் மறுப்பை எதிர்த்து மறுநாள் காலைக்குள் யாரால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட முடியும்? அவசர வழக்கை அன்றே மதிய இடைவேளைக்குப் பிறகு விசாரிக்கக் கேட்கும் ‘லஞ்ச் மோஷ’னுக்கு அனுமதி கிடைத்தாலும், அரசு வழக்கறிஞர் காவல் நிலையத்திடம் விவரம் கேட்டுச் சொல்வதற்குள் ஆர்ப்பாட்ட நேரம் கடந்துவிடும். அனுமதி மறுப்பு செல்லுமா செல்லாதா என்பதை நீதிபதி பார்ப்பதற்கே வாய்ப்பில்லாமல் உரிமை காலாவதியாகிறது.

மீறிக் கூடியவர்களைப் பேருந்தில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் வைக்கிறார்கள். ஒரு தாளில் பெயர், அப்பா பெயர், வயது, முகவரி எழுதிக்கொள்கிறார்கள், சாயங்காலம் விட்டுவிடுகிறார்கள். அதோடு முடிந்தது என்று வீட்டுக்குப் போகிறவர்களுக்கு, அந்தத் தாளிலிருந்து எஃப்.ஐ.ஆர். போடப்பட்டது பாஸ்போர்ட் விசாரணையிலோ, அரசு வேலைக்கான சரிபார்ப்பிலோதான் தெரியவருகிறது. கல்லூரி மாணவர்களுக்கு இது பெரிய அடி.

இந்த வழக்குகளில் பெரும்பாலும் போடப்பட்டவை பழைய தண்டனைச் சட்டத்தின் 143 (சட்டவிரோதக் கூட்டம்), 188 (அரசு ஊழியரின் உத்தரவை மீறுதல்) பிரிவுகள். அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இன்று 189(2), 223. அரசு ஊழியரின் உத்தரவை மீறிய குற்றத்துக்குக் காவல்துறை தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, சம்பந்தப்பட்ட அரசு ஊழியர் நீதிமன்றத்தில் எழுத்துமூலம் புகார் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2018-இல் ஜீவானந்தம் வழக்கில் தெளிவாகச் சொன்னது. அமைதியாக எதிர்ப்புத் தெரிவிக்கக் கூடியதாலேயே அது சட்டவிரோதக் கூட்டம் ஆகிவிடாது என்றும் சொன்னது. தீர்ப்பு வந்து இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும், எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யக் கேட்டு ஒவ்வொருவரும் தனித்தனியாக வக்கீல் வைத்து உயர் நீதிமன்றப் படி ஏற வேண்டுமா?

உச்ச நீதிமன்றமும் இதில் குழப்பம் வைக்கவில்லை. பொதுத் தெருவில் கூட்டம் நடத்துவதை ஒழுங்குபடுத்தலாம், வரையறையில்லாத அதிகாரத்தால் மறுக்கக் கூடாது என்று 1972-லேயே ஹிம்மத்லால் ஷா வழக்கில் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. 144 தடை உத்தரவைத் திரும்பத் திரும்பப் போடுவது அதிகார துஷ்பிரயோகம் என்று 2020 ஜனவரியில் அனுராதா பசின் வழக்கில் சொன்னது. அந்தப் பிரிவுக்கு இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 163 என்று எண் மாறியிருக்கிறது, கோட்பாடு மாறவில்லை. அதே 2020 அக்டோபரில், பொதுவழியைக் காலவரையின்றி மறித்து உட்கார முடியாது என்று ஷாஹீன் பாக் வழக்கில் கூறியதையும் போராடுகிறவர்கள் ஏற்கத்தான் வேண்டும்.

2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் கட்சிக் கூட்ட நெரிசலில் 41 உயிர்கள் பலியான பிறகு கூட்டப் பாதுகாப்பில் கண்டிப்பு தேவை என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் பல்லாயிரம் பேர் திரளும் கட்சிக் கூட்டத்தின் அளவுகோலை, பட்டா கேட்டு வட்டாட்சியர் அலுவலகம் முன் ஒரு மணி நேரம் நிற்கும் ஐம்பது பேர் மீது வைப்பது எந்த வகையில் பொருந்தும்?

அரசு செய்ய வேண்டியதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. காவல்துறைத் தலைமை இயக்குநரின் ஒரு சுற்றறிக்கை போதும். மனு வாங்கியதும் முத்திரையிட்ட ரசீது, மறுப்பதானால் நிகழ்ச்சிக்கு 48 மணி நேரம் முன்பே காரணத்தோடு எழுத்தில் பதில், அந்தப் பதிலிலேயே காவல்துறை ஒப்புக்கொள்ளும் வேறொரு இடமும் நேரமும். 48 மணி நேரம் என்பது தாராளமாகக் கேட்பதல்ல. ரிட் மனு தயாராகி எண் இடப்பட்டு ஒரு நீதிபதி முன் வருவதற்கு அதற்குக் குறைந்த அவகாசம் போதாது.

இப்படிக்கு,
வழக்கறிஞர் ஒருவர்,
மதுரை.