அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி இத படி

ராஜி,

உன் வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். அம்மாவுக்கு சுகர் கொறஞ்சதுல ரொம்ப சந்தோஷம். இங்க டர்பன்ல எல்லாரும் சௌக்கியம், சின்னவன் இந்த தடவ கிளேர்வுட் கோயில்ல காவடி எடுத்தான், போட்டோ அப்புறம் அனுப்புறேன். இப்ப நீங்க வாங்கப்போற எடத்து விஷயத்துக்கு வரேன். "கார்னர் எடம்டி, முன்னாடி பெட்ரோல் பங்க் இருந்துச்சாம், டேங்க் எல்லாம் தோண்டி எடுத்துட்டாங்களாம், அதான் வெல கம்மி"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்ன பாரு, எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. நீயாடி இப்படி பேசுற? மேப் சார் கிளாஸ்ல மொத பெஞ்ச்ல உக்காந்தவ நீதான?

டேங்க்க எடுத்தா மண்ணும் சுத்தமாயிடுமா? நான் இப்ப பாத்துட்டிருக்கிற வேலையே அதுதான். இங்க மேர்பேங்க் ஏரியாவுல ஒரு ஆயா, 2022 ஏப்ரல் வெள்ளத்துக்கு அப்புறம் டர்பன்ல குழாய்த்தண்ணி அடிக்கடி நின்னுச்சுல்ல, அப்ப பல வீட்ல போட்ட மாதிரி இவங்களும் பின்கட்டுல ஒரு வெல்பாயின்ட், அதான் ஆழமில்லாத சின்ன போர் குழாய், எறக்கிட்டாங்க, முருங்க கருவேப்பில எல்லாத்துக்கும் அந்தத் தண்ணிதான், கொஞ்ச நாளா ஒரு வாடை வருதுன்னு பேரன்கிட்ட சொல்லி எங்க ஆபீசுக்கு வந்தாங்க. ரெண்டு வீடு தள்ளி மூடிப்போன ஒரு பழைய கராஜ், பெட்ரோல் பங்க்க இங்க அப்படித்தான் சொல்லுவாங்க. டேங்க் எடுத்தாச்சு, மேல சிமென்ட் போட்டாச்சு, இப்ப அங்க கார் கழுவுறாங்க. அந்தப் பக்கத்துல நாங்க போர் மாதிரி ஒரு குழி போட்டு, தண்ணி மொள்ற பெய்லர்ங்கிற நீள ட்யூப எறக்கித் தூக்குனா, ட்யூபுக்குள்ள கீழ தண்ணி, அதுக்கு மேல ஒரு வெரல் அளவுக்கு மஞ்சளா பெட்ரோல், நடுவுல ஸ்கேல் வச்சு போட்ட கோடு மாதிரி தெளிவா இருக்கு. ஆயா எட்டிப் பாத்துட்டு "ஐயோ, இதையா செடிக்கு ஊத்துனேன்"னாங்க. எனக்கு வாயே வரல ராஜி.

உனக்கு தெரிஞ்ச பாடம்தான், ஆனா வெல கம்மின்னதும் எல்லாருக்கும் மறந்துடுது. டேங்க்கும் பைப் ஜாயின்ட்டும் துருப்பிடிச்சு வருஷக்கணக்கா சொட்டும், அது நேரா நிலத்தடித் தண்ணி மட்டத்துக்கு எறங்கி அதுமேல மெதக்கும், மழைக்கு மட்டம் ஏற ஏற அதுவும் ஏறும், வெயிலுக்கு எறங்கும், இப்படி மேலயும் கீழயும் போயி மண்ணுல அவ்வளவு ஆழத்துக்கும் பூசி விட்டுடும். அந்த பெட்ரோல்லேர்ந்து பென்சீன்ங்கிற ரசாயனம் கொஞ்சம் கொஞ்சமா தண்ணில கரஞ்சுக்கிட்டே இருக்கும். குடிக்கிற தண்ணில பென்சீன் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம தாண்டக்கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, புத்துநோய் சமாச்சாரம்டி அது. நம்ம மூக்குக்கும் நாக்குக்கும் தெரியிற அளவு அதவிட எத்தனையோ மடங்கு அதிகம், அதனால "போர் தண்ணில வாடையே இல்ல மேடம்"னு அந்த புரோக்கர் சொல்றதுக்கு அஞ்சு பைசா மதிப்பில்ல.

க்ளீன் பண்றது ஈசின்னு நெனைக்காத. மெதக்குறத உறிஞ்சி எடுக்கறது மொத கட்டம். மண்ணுல ஒட்டினது போகாது, அதுக்கு வேக்குவம் வச்சு ஆவியா இழுக்கணும், தண்ணிக்குள்ள காத்து அடிக்கணும், மண்ணுல இருக்கிற பாக்டீரியா அதத் தின்னும், ஆனா ஆக்சிஜன் தீந்துபோச்சுன்னா அதோட வேகம் படுத்துடும். பம்ப நிறுத்தி சில மாசம் கழிச்சு டெஸ்ட் பண்ணா மறுபடி அளவு ஏறி நிக்கும், அதுதான் எனக்கு தூக்கம் போற எடம். இங்க ப்ளஃப் பக்கம் டாரா ரோட்ல 2001ல தரைக்கடியில போற பைப்லைன் ஓட்டையாகி பத்து லட்சம் லிட்டருக்கு மேல பெட்ரோல் மண்ணுக்குள்ள போச்சு, பெரியவங்க இன்னும் அதப் பத்தி பேசுவாங்க. அவ்வளவு தூரம் ஏன், 2013ல நம்ம தண்டையார்பேட்டையில போர்வெல்ல பெட்ரோல் வந்துச்சே! உங்க பெரியம்மா வீட்ல கேட்டுப்பாரு, கத கதையா சொல்லுவாங்க.

அதனால ப்ளீஸ், இத பண்ணு. பங்க் எந்த வருஷம் ஓடுச்சு, டேங்க் எங்க இருந்துச்சு, எடுக்கும்போது மண்ண யாராவது டெஸ்ட் பண்ணாங்களா, ரிப்போர்ட் எங்கன்னு கேளு. 2000க்கு முன்னாடி ஓடிருந்தா ஈயமும் பாக்கணும், அப்ப பெட்ரோல்ல ஈயம் கலந்தாங்க. கொறஞ்சது மூணு குழி போடு, ஒரே கோட்டுல வேணாம், முக்கோணமா, அப்பதான் தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு தெரியும், ஒன்னு கண்டிப்பா டேங்க் இருந்த எடத்துலயே. மேல்மண்ண அள்ளிக் குடுத்து ஏமாத்துவாங்க, விடாத, டேங்கோட அடிமட்டத்துக்கும் கீழ இருந்து எடுக்கணும். சாம்பிள் பாட்டில்ல காத்து இடம் இருக்கக்கூடாது, ஐஸ்ல வச்சு லேபுக்கு போகணும், இல்லன்னா பென்சீன் பறந்துடும், ரிசல்ட் பொய்யா நல்லா வரும். பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன், அப்புறம் பெட்ரோல்ல சேக்குற எம்டிபிஇ, இந்த அஞ்சையும் டெஸ்ட் பண்ணச் சொல்லி எழுதிக் குடு. விக்கிறவர் குழி போட விடமாட்டேன்னா அந்த எடமே வேணாம்டி, குழந்தைங்க வெளையாடப் போற மண்ணு அது.

ரிப்போர்ட் வந்தா எந்த ராத்திரியா இருந்தாலும் எனக்கு அனுப்பு, நானே உக்காந்து பாக்குறேன். அண்ணன்கிட்டயும் இத படிச்சுக் காட்டு, அவர்தான் அவசரப்படுவாரு. அட்வான்ஸ் குடுத்துட்டீங்களா இல்லையான்னு இன்னிக்கே ஒரு வரி போடு.

உன்
கமலா