லேட்டுக்கு ரெண்டு, லீவுக்கு ஒண்ணு

அன்புள்ள மாப்ளே,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு மாசி பிறந்த பிறகு பதில் எழுதுகிறேன். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். திருப்புதல் தேர்வு, பேப்பர் கட்டு, எமிஸ் ஆன்லைன் பதிவு என்று சாக்குச் சொல்லலாம்தான். நீயும் அதே குட்டையில் ஊறியவன், நம்பமாட்டாய். தங்கச்சிக்கு முட்டிவலி தேவலையா? நம் ஹாஸ்டல் வார்டனைப் போன வாரம் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். சாம்பார் வாளியை இன்னும் மறக்கவில்லை மனுஷன். உன் பெயரைச் சொல்லிவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு தப்புப் பண்ணிவிட்டேன், மாப்ளே.

பிள்ளைகளைக் குழுவாகப் பிரிக்கும் அந்த மகிழ் முற்றம் திட்டம் உங்கள் பள்ளியிலும் இருக்குமே. 2024-இல் அது வந்தபோது இங்கே என் தலையில் கட்டினார்கள். சீட்டுக் குலுக்கிப் பிள்ளைகளைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று பிரித்தோம். பாலைச் சீட்டை எடுத்த ஆறாம் வகுப்புக் குட்டி ஒன்று அழுதேவிட்டது. தமிழய்யா சமாதானம் செய்கிறேன் பேர்வழி என்று, "முல்லையும் குறிஞ்சியும் காய்ஞ்சாத்தாம்மா பாலை" என்று விளக்கினார். அவ்வளவுதான். கபடியில் குறிஞ்சிக்காரன் அவுட்டானால், "காஞ்சுட்டான்டா, இனி நம்ம ஆளு!" என்று பாலைக்காரர்கள் கத்துகிறார்கள்.

ஐந்து குழு, ஐந்து நாள். திங்கட்கிழமை காலை வணக்கம் குறிஞ்சிக்கு, வெள்ளிக்கிழமை பாலைக்கு. மைக்கைப் பார்த்தாலே கைகால் உதறும் பிள்ளைகள் குறளும் செய்தியும் வாசித்தார்கள். சத்துணவு வரிசையில் தள்ளுமுள்ளு குறைந்தது. அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம்.

ஹெச்.எம். அறைக்கு வெளியே கரும்பலகையில் கட்டம் போட்டேன். நல்லது செய்தால் ப்ளஸ், கெட்டதுக்கு மைனஸ். லீவு போட்டால் குழுவுக்கு ஒரு பாயிண்ட் போகும். லேட்டாக வந்தால் இரண்டு. லேட்டாக வருகிறவன் காலை வணக்கத்தைக் கெடுக்கிறான் என்பது என் நியாயம். கணக்கு வாத்தியார் போட்ட கணக்கு!

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன், பாலைக் குழு. அவன் ஊருக்குக் காலையில் ஒரே ஒரு டவுன் பஸ். வாரத்தில் இரண்டு மூன்று நாள் அது வரும் நேரம் அந்த டிரைவருக்கே தெரியாது. தை மாதம் பையன் அடிக்கடி ஆப்சென்ட். காய்ச்சல் என்றார்கள். ஒரு நாள் சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போனேன். திண்ணையில் குப்புறப் படுத்துக்கொண்டு, நான் அன்று காலையில்தான் நடத்திய கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தான். நோட்டு பக்கத்து வீட்டுப் பெண்ணுடையது.

"காய்ச்சல் எப்படிடா இருக்கு?"

"காய்ச்சல் இல்ல சார். லேட்டா வந்தா ரெண்டு போகுது. வரலேன்னா ஒண்ணுதான். எங்க குழுத் தலைவி கணக்குப் பார்த்துச் சொல்லிச்சு. பஸ் லேட்டானா அப்படியே வீட்டுக்குத் திரும்பிடுவேன்."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான், பாராட்டுவேன் என்று.

அந்தத் தலைவியைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நல்ல கணக்கு வரும் பெண். நான் சொல்லிக்கொடுத்த கழித்தல்தானே! 2009-இல் கல்வி உரிமைச் சட்டம் வந்தபோது பதினேழாம் பிரிவைப் படித்துவிட்டு, "பிரம்பைக் கீழே வெச்சுட்டு எதைத் தூக்குறது?" என்று டீக்கடையில் கேட்டாயே, நினைவிருக்கிறதா? உடம்பை அடிக்கவும் கூடாது, மனதை வதைக்கவும் கூடாது என்று இரண்டுமே அதில் இருக்கிறது. உனக்கு அன்று அரைமணி நேரம் வகுப்பெடுத்தேன். இப்போது சாக்பீஸைத் தூக்கியிருக்கிறேன். அன்று இரவு தூக்கமே இல்லை.

மறுநாள் மைனஸ் கட்டத்தை முழுவதும் அழித்தேன். இப்போது வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில், வேறு குழுப் பிள்ளை செய்த நல்ல காரியம் ஒன்றைப் பார்த்திருந்தால் சீட்டில் எழுதிப் போட வேண்டும். முதல் வாரம் முழுக்க வியாபாரம்தான். 'பேனா கொடுத்தான்' என்று பன்னிரண்டு சீட்டு, மாப்ளே! விசாரித்தால் ஒரே பேனா. இரண்டாம் வாரம் பென்சில் எழுத்தில் ஒன்று வந்தது: 'சத்துணவு அக்காவுக்குக் கை சுட்டுடுச்சு. நெய்தல் அக்கா ஒருத்தங்க பைப்ல தண்ணி திறந்துவிட்டுக் கையைப் பிடிச்சிக்கிட்டே இருந்தாங்க. பேர் தெரியல.' காலை வணக்கத்தில் கேட்டேன். யாரும் கை தூக்கவில்லை. நெய்தலுக்குப் பாயிண்ட் போடுவதா வேண்டாமா என்று ஆசிரியர் அறையில் இன்னும் சண்டை. நீ என்ன செய்வாய்?

பையன் வருகிறான். லேட்டாகத்தான். பாலைக்காரர்கள் கடைசி வரிசையில் இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பஸ் விஷயமாகத் தீர்மானம் போட்டு மனு அனுப்பினோம், பதில் இல்லை. உன் மச்சினன் டெப்போவில்தானே இருக்கிறான்? அந்த எட்டரை மணி டிரிப்பைப் பற்றி அவன் காதில் ஒரு வார்த்தை போடு. அவன் கல்யாணத்தில் பந்திக்குத் தண்ணீர் ஊற்றியவன் நான், ஞாபகப்படுத்து.

உன்,
வாளி பார்ட்னர்