ஒல்லியான தாடை எலும்பு: மேற்பரப்பைக் கேட்பதற்கு முன் அகலத்தைக் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாடை எலும்பு ஒல்லியாக இருந்தாலும் கவலையில்லை, புதுவகை மேற்பரப்புள்ள இம்ப்ளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) வந்துவிட்டது, எலும்பை வளர்க்க எலும்புத் தூள் வைக்காமலே பல் கட்டிவிடலாம் என்ற பேச்சு கடலூரிலும் புதுச்சேரியிலும் பரவலாக இருக்கிறது. இதில் பாதி சரி. மீதிப் பாதியை நம்பிப் பல் கட்டிக்கொள்பவர்களுக்கு இரண்டு மூன்று ஆண்டுகளில் ஈறு கீழிறங்கி, உலோக மரை வெளியே தெரிய ஆரம்பிக்கிறது. அதைத் தவிர்க்க வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டியவற்றை எழுதுகிறோம்.

பல் எடுத்த இடத்தில் எலும்பு அப்படியே நிற்பதில்லை. பன்னிரண்டு மாதத்தில் அகலத்தில் ஏறத்தாழ பாதி கரைந்துவிடும். அதிலும் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதத்திலேயே போய்விடும். பெரும்பாலும் கரைவது கன்னம், உதடு பக்கத்து எலும்புச் சுவர். “பல்லை எடுத்தாச்சு, மெதுவா கட்டிக்கலாம்” என்று ஐந்தாறு ஆண்டு விட்டவர்களுக்கு எலும்பு கத்தி முனைபோல ஆகிவிடுவது இதனால்தான்.

இம்ப்ளான்டைச் சுற்றி உட்புறம் (நாக்கு, அண்ணப் பக்கம்) குறைந்தது 1 மி.மீ., வெளிப்புறம் (கன்னம், உதடு பக்கம்) 1.5 முதல் 2 மி.மீ. எலும்பு மிஞ்சி நிற்க வேண்டும். பரவலாகப் பயன்படும் 4.1 மி.மீ. விட்டமுள்ள இம்ப்ளான்டுக்கு அப்படியானால் குறைந்தது 6.6 மி.மீ. அகலம் தேவை. 3.3 மி.மீ. என்ற ஒல்லி இம்ப்ளான்டுக்கு 5.8 மி.மீ. தேவை. ஒல்லி இம்ப்ளான்டால் நமக்குக் கிடைக்கும் சலுகை வெறும் 0.8 மி.மீ.தான் என்பதைக் கவனியுங்கள். 4 மி.மீ. எலும்பில் 3.3 மி.மீ. இம்ப்ளான்டை இறக்கினால் இரண்டு பக்கமும் தலா 0.35 மி.மீ. மிஞ்சும். அந்தச் சுவருக்கு ரத்த ஓட்டம் போதாது; சில மாதத்தில் கரைந்துவிடும். எந்த மேற்பரப்பாலும் அதைத் தடுக்க முடியாது.

ஓபிஜி எனப்படும் முழுவாய் எக்ஸ்ரே உயரத்தைக் காட்டும், அகலத்தைக் காட்டாது. உயரத்தைக்கூட 20 முதல் 30 சதவீதம் பெரிதாக்கியே காட்டும். அகலத்துக்கு, தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் வேண்டும். அதன் குறுக்குவெட்டுப் படத்தில் எலும்பின் உச்சியில் ஒன்று, உச்சியிலிருந்து 3 மி.மீ. கீழே ஒன்று, 6 மி.மீ. கீழே ஒன்று என மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள். உச்சி மட்டும் கூர்மையாக இருந்து கீழே அகலம் விரிந்தால், மேலே 2 மி.மீ. சீவிவிட்டு அகலமான இடத்தில் இம்ப்ளான்டை வைக்க முடியும். அதற்கு விலை உண்டு: உயரம் குறையும், கட்டும் பல் நீளமாகத் தெரியும், கீழ்த்தாடை நரம்புக்கு மேலே விட வேண்டிய 2 மி.மீ. பாதுகாப்பு இடைவெளி சுருங்கும். பக்கத்துப் பல்லில் உலோகக் கேப் இருந்தால் ஸ்கேனில் கோடு கோடாக விழுந்து அளவைக் கெடுக்கும். ஆகவே கால் மி.மீ. வித்தியாசத்தை நம்பி முடிவெடுப்பது சரியல்ல.

இப்போது மேற்பரப்புக்கு வருவோம். 1965இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் பேராசிரியர் பிரோன்மார்க் முதல் நோயாளிக்கு வைத்த டைட்டானிய இம்ப்ளான்ட், கடைசல் இயந்திரத்தில் கடைந்து எடுத்தபடியே வழவழப்பாக இருந்தது. எலும்பு ஒட்டிப்பிடிக்கக் கீழ்த்தாடையில் மூன்று மாதமும் மேல்தாடையில் ஆறு மாதமும் காத்திருந்தார்கள். சீக்கிரம் பிடிக்க வேண்டும் என்று பிறகு உருகிய டைட்டானியத் தூளைத் தெளித்தார்கள். எலும்பிலுள்ள தாதுவான ஹைட்ராக்ஸிஅபடைட்டைப் பூசினார்கள். முதல் வகை மிகவும் சொரசொரப்பு. கிருமி ஒருமுறை ஏறிவிட்டால் சுத்தம் செய்ய வழியில்லை. இரண்டாவதில் பூச்சே உரிந்து வந்தது. இரண்டும் இன்று பெரும்பாலும் கைவிடப்பட்டவை. பழைய சரக்கை மலிவு விலையில் யாராவது தந்தால் வாங்க வேண்டாம்.

இன்று சந்தையில் இருப்பவற்றில் பெரும்பாலானவை மிதமான சொரசொரப்பு. சராசரி மேடுபள்ளம் 1 முதல் 2 மைக்ரானுக்குள் இருக்கும் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கடைந்த மேற்பரப்பில் இது 1 மைக்ரானுக்கும் குறைவு. மிதமான சொரசொரப்பைக் கொண்டுவரப் பல வழிகள் உண்டு. எஸ்.எல்.ஏ. முறையில் கால் முதல் அரை மி.மீ. பருமனுள்ள அலுமினா துகளை வேகமாக அடித்துப் பள்ளம் உண்டாக்கி, பிறகு அமிலத்தில் அரிக்கிறார்கள். சில நிறுவனங்கள் துகள் அடிக்காமல் இரட்டை அமில அரிப்பு மட்டும் செய்கின்றன. நோபல் பயோகேர் நிறுவனத்தின் டையுனைட், மின்சாரம் பாய்ச்சி ஆக்சைடு படலத்தைத் தடிக்கவைத்த வகை. இந்த மூன்றுக்கும் இடையே நோயாளி உணரும் வித்தியாசம் மிகக் குறைவு என்பதே எங்கள் கருத்து. பள்ளங்களில் ரத்தக்கட்டி பிடித்துக்கொள்வதால், எலும்புச் செல்கள் அதைப் பற்றிக்கொண்டு இம்ப்ளான்டின் மேலேயே நேரடியாக எலும்பு கட்டும். மூன்றிலும் நடப்பது இதுதான்.

அடுத்த படி நீரை ஈர்க்கும் மேற்பரப்பு. டைட்டானியம் காற்றில் கிடந்தால் கரிமப் படிவு ஏறி, நீர்த்துளி ஒட்டாத தன்மைக்கு மாறிவிடும். அதைத் தடுக்கவே இந்த வகையை உப்பு நீர்க் குப்பியில் அடைத்து விற்கிறார்கள். ஸ்ட்ராமன் நிறுவனத்தின் எஸ்.எல்.ஆக்டிவ் இந்த வகை. எஸ்.எல்.ஏ. மேற்பரப்புக்கு 6 முதல் 8 வாரம் என்றிருந்த ஆறும் காலத்தை 3 முதல் 4 வாரமாகக் குறைக்கும் நோக்கில் 2005 வாக்கில் வந்தது. எலும்பு நல்ல நிலையில் உள்ளவருக்குப் பொருந்தும் கணக்கு இது. பக்கத்தில் எலும்புத் தூள் வைத்துத் தைத்தவருக்குப் பொருந்தாது. தூள் எலும்பாக மாறும் வேகத்துக்குத்தான் காத்திருக்க வேண்டும், அது பல மாதம். குப்பியைத் திறந்து மேசையில் வைத்துவிட்டு அதன் பிறகு துளையிடத் தொடங்கினால் கொடுத்த கூடுதல் பணம் வீண். கையுறை விரலால் மரையைத் தொட்டாலும் அப்படித்தான்.

மேற்பரப்பால் ஆகாத வேலை ஒன்று உண்டு. முதல் நாள் பிடிப்பை அது தருவதில்லை. அதைத் தருவது துளையின் அளவும் மரையின் வடிவமும் எலும்பின் அடர்த்தியும். அன்றே பல் மாட்ட வேண்டுமானால் முறுக்கு விசை 35 நியூட்டன் சென்டிமீட்டர் அளவாவது வர வேண்டும் என்பது பொதுவான வழக்கம். பழைய எலும்பின் பிடிப்பு தளர்ந்து புது எலும்பு இன்னும் கட்டாத இடைவெளி மூன்றாம் நான்காம் வாரத்தில் வரும். அப்போதுதான் இம்ப்ளான்ட் ஆட்டம் காணும். நல்ல மேற்பரப்பு இந்தத் தளர்வைக் குறைக்கும், அவ்வளவே. அந்த வாரங்களில் வலி இல்லையே என்று முறுக்கும் கொட்டைப்பாக்கும் கடிப்பவர்கள் அந்த உதவியையும் கெடுத்துவிடுகிறார்கள்.

ஒல்லியான எலும்பில் பிடிப்புக்காக அதிகம் முறுக்குவது இன்னொரு தவறு. கீழ்த்தாடையின் முன்பகுதி எலும்பு ஒல்லியாகவும் கெட்டியாகவும் இருக்கும். கடைசி அளவு டிரில்லையும் மரைவெட்டியையும் விட்டுவிட்டு நேராக முறுக்கினால் வெளிச்சுவர் விரிசல் விடும், அல்லது அழுத்தத்தில் ரத்த ஓட்டம் நின்று எலும்பு செத்துப்போகும். சூடும் அப்படியே. 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே எலும்பு பாதிக்கப்படும். மழுங்கிய டிரில், போதாத உப்பு நீர், இடையில் வெளியே எடுக்காமல் ஒரே அழுத்தாக அழுத்துவது ஆகிய மூன்றும் சேர்ந்தால் அந்தச் சூடு எளிதில் வந்துவிடும்.

மேற்பரப்பைவிட உலோகம் முக்கியம் என்று சொல்லத் தோன்றுகிறது. 3.3 மி.மீ. இம்ப்ளான்டின் எலும்பு தொடும் பரப்பு 4.1 மி.மீ. இம்ப்ளான்டைவிட ஐந்தில் ஒரு பங்குதான் குறைவு. ஆனால் வளையாமல் தாங்கும் வலு விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தில் இறங்குவதால், அது ஏறத்தாழ பாதியாகிவிடும். பல்லை இணைக்கும் திருகாணிக்கு நடுவே துளை வேறு போவதால், இம்ப்ளான்டின் மேல்பகுதியான கழுத்தின் சுவர் இன்னும் மெலிது. எனவே ஒல்லி இம்ப்ளான்டில் நான்காம் தரத் தூய டைட்டானியத்தைவிட, சுமார் 15 சதவீதம் சிர்கோனியம் கலந்த டைட்டானியமோ, அலுமினியமும் வனேடியமும் கலந்த ஐந்தாம் தரக் கலவையோ பாதுகாப்பானது. அப்படியும் கடைவாய்ப் பல் ஒன்றுக்கு ஒற்றை ஒல்லி இம்ப்ளான்ட் வைப்பதை நாங்கள் ஏற்கமாட்டோம். அங்கே பல்லின் அகலம் 10 மி.மீ.க்கு மேல், இம்ப்ளான்டோ அதில் மூன்றில் ஒரு பங்கு. ஓரத்தில் கடிக்கும்போதெல்லாம் நெம்புகிறது. முதலில் திருகாணி தளரும், பிறகு கழுத்து ஒடியும். தூக்கத்தில் பல் நறநறப்பவர்களுக்கு இன்னும் சீக்கிரம். கீழ் முன்பற்களும் மேல்தாடையில் நடுப்பல்லுக்கு அடுத்த சிறு பல்லுமே ஒல்லி இம்ப்ளான்டுக்கு உரிய இடங்கள்.

மேற்பரப்பைத் தேர்வு செய்வதில் எங்கள் பரிந்துரை இது. எலும்புக்குள் புதையும் நீளம் முழுதும் மிதமான சொரசொரப்பு இருக்கட்டும். வெளிச்சுவர் மெலிந்தவர், ஈறு நோயால் பல்லை இழந்தவர், பீடி சிகரெட் விடாதவர் ஆகியோருக்கு மேல்கழுத்து 1.5 முதல் 2 மி.மீ. கடைந்த வழவழப்பாக உள்ள வகை நல்லது. நாளை எலும்பு கொஞ்சம் இறங்கினாலும் வெளியே வருவது துலக்கக்கூடிய பரப்பாக இருக்கும். உச்சி வரை சொரசொரப்பாக இருந்தால், வெளியே வந்த பகுதி அழுக்கைப் பிடித்துக்கொண்டு எலும்பை மேலும் அரிக்கும். ஆனால் வழவழப்புக் கழுத்தை எலும்புக்குள் புதைக்கக் கூடாது. சொரசொரப்பு தொடங்கும் கோடு வரை எலும்பு இறங்கிவிடும். கோடு எலும்பின் விளிம்போடு நிற்க வேண்டும்.

அகலம் போதாதபோது செய்ய வேண்டியது அகலத்தைக் கூட்டுவது. 3 மி.மீ. இருந்து, இரண்டு சுவருக்கும் நடுவே பஞ்சு எலும்பு இருந்தால் எலும்பைப் பிளந்து விரிக்கலாம். மேல்தாடையில் இது நன்றாக வரும். கீழ்த்தாடையின் பின்பகுதியில் சுவர் வளையாமல் ஒடியும். எலும்புத் தூளும் அதை மூடும் கொலாஜன் சவ்வும் வைக்கும் முறையில், ஈறைத் தளர்த்தாமல் இழுத்துத் தைப்பதே தோல்விக்கு முதல் காரணம். இரண்டாம் வாரம் தையல் பிரிந்து சவ்வு வெளியே தெரியும், தூள் உதிர்ந்துவிடும். வயதானவர்கள் சிலருக்கு இவை எதுவும் வேண்டியதில்லை. கீழ்ப் பல்செட் ஆடாமல் இருக்க முன்பகுதியில் இரண்டு இம்ப்ளான்ட் போதும். எலும்பு மிக ஒல்லியானால் 3 மி.மீ.க்கும் குறைந்த மினி இம்ப்ளான்ட் நான்கு.

எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரை, ஆறு மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒருமுறை ஊசி போடுபவர்கள் அதை மறக்காமல் முன்பே சொல்ல வேண்டும். தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து அந்த மருந்துகளில் உண்டு. சர்க்கரை உள்ளவர்கள் மூன்று மாத சராசரி அளவின் அறிக்கையைக் கையோடு கொண்டு செல்லுங்கள். சந்தேகம் தீராவிட்டால், ஸ்கேன் கோப்பை எடுத்துக்கொண்டு சிதம்பரம் அண்ணாமலை நகரிலோ புதுச்சேரி கோரிமேட்டிலோ உள்ள பல் மருத்துவக் கல்லூரியில் இன்னொரு கருத்துக் கேட்கலாம்.

கடைசியாக, இம்ப்ளான்ட் டப்பாவில் இருக்கும் ஒட்டுச்சீட்டில் ஒன்றை உங்கள் சிகிச்சைச் சீட்டில் ஒட்டி வாங்கிக்கொள்ளுங்கள். நிறுவனம், வகை, விட்டம், நீளம், லாட் எண், காலாவதித் தேதி ஆகியவை அதில் இருக்க வேண்டும். பிள்ளைகளோடு சென்னைக்கோ பெங்களூருக்கோ குடிபோன பிறகு திருகாணி தளர்ந்தால், அங்குள்ள மருத்துவருக்கு எந்தச் சாவி என்று தெரிய வேண்டும். 1.25 மி.மீ. அறுகோணச் சாவியும் 1.27 மி.மீ. சாவியும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். சிறியதைப் பெரிய தலையில் போட்டு முறுக்கினால் தலை மழுங்கிவிடும், பிறகு அந்தத் திருகாணியைக் குடைந்துதான் எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
பல் இம்ப்ளான்ட் சிகிச்சை செய்யும் மருத்துவர்கள் சிலர்,
கடலூர், புதுச்சேரி.